பின்சந்துக் கதவு

"மேசை எம்மாம் பெருசு வரும்?" என்று கேட்டாள் செல்லம்.

"எட்டுப் பேரு உக்காரலாம்மா."

"இருக்கிறதே நீயும் மாப்பிள்ளையும். பேத்தி தர்மினி சிங்கப்பூர்லேர்ந்து ஞாயித்துக்கிழமைக்கு வர்றா. மிச்ச அஞ்சு நாக்காலிக்கு யாரு, பூனையா?"

"ஒண்ணு உனக்கு."

செல்லம் மடியிலிருந்த தட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நாக்காலியில உக்காந்தா எனக்குக் காலு தொங்கும்டி. சோறு தொண்டையிலயே நின்னுக்கும்."

"காலுக்குக் கீழ பலகை போடுறேன்."

"அதுக்கு இந்த முக்காலியே தேவல. இங்க என்ன கொறைச்சல்? நல்லா காத்து வருது. லோங்காங்குச் சாக்கடையில பக்கத்து வீட்டு ஆளு எண்ணெய ஊத்துறான், அந்த வாடைதான் கொஞ்சம்."

"நான் வெளையாட்டுக்குச் சொல்லலம்மா. இந்தச் சுவரு போயிடும். இந்தத் தகரக் கூரையும் போயிடும். உள்ள வெளியன்னு ஒண்ணும் இருக்காது. நீ வந்தா மேசையிலதான் சாப்பாடு."

செல்லம் மீன்முள்ளைத் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்தாள். "மாப்பிள்ளை சொன்னாரா?"

"யாரு சொல்லணும்? என் வீடு இது."

"உன் வீடுதான். இல்லேன்னு யாரு சொன்னா? நான் கேட்டது வேற." அவள் எழுந்து போய்க் குழாயடியில் தட்டைக் கழுவினாள். தண்ணீர்ச் சத்தத்தோடு அவள் குரலும் வந்தது. "அவரு நல்ல மனுசன். நான் வந்தா 'வாங்க அத்தே'ங்கிறாரு. இருவத்தெட்டு வருசமா சொல்றாரு. ஆனா 'வாங்க'வோட நிறுத்திடுறாரு. உள்ள வந்து உக்காருங்கன்னு அவரு வாயால வந்தா, நான் வருவேன்."

"நான் சொல்லச் சொல்றேன்."

"அலமாக்! சொல்லச் சொல்லிச் சொல்றதுக்கு நான் என்ன, தொறப்பு விழாவுக்கு வந்த மந்திரியா? நீ கேக்கக் கூடாது. கேட்டு வாங்குற மரியாத எனக்கு வேணாம், மொழி. சத்தியமா கேக்கக் கூடாது."

தைப்பூசம் கழிந்த வாரத்தில் நடந்த பேச்சு இது. குலாய் ஊரில், தேன்மொழி வீட்டுப் பின்புறத்தில், துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் கேஸ் சிலிண்டர்த் தோம்புக்கும் நடுவில். தேன்மொழி சத்தியம் பண்ணிக் கொடுத்தாள், கேட்கவில்லை. அம்மா சொன்னதற்காகக் கேட்கவில்லை என்பது பாதி. கணவர் தானாகவே சொல்வார் என்று நம்பியது மறுபாதி.

செல்லம் சிம்பாங் ரெங்கத்தில் மகன் லோகேஸ்வரனோடு இருந்தாள். வயது எழுபத்தாறு. மாதம் ஒரு முறை பஸ் ஏறி மகளைப் பார்க்க வருவாள். பையில் மரவள்ளிக் கிழங்கு, கொஞ்சம் கருவாடு, தர்மினிக்கென்று ஏதாவது ஒரு பலகாரம். பஸ் நிலையத்திலிருந்து நடந்து வருபவள் வீட்டு முன்கேட்டைத் தாண்டிப் போவாள். வரிசை வீடுகளின் மூலையைச் சுற்றிப் பின்சந்துக்குள் வந்து, பின்கதவுக் கம்பியைக் குடைக் காம்பால் இரண்டு தட்டுத் தட்டுவாள். முன்கேட்டில் நின்று ஒரு குரல் கொடுத்தாலே திறந்துவிடுவார்கள். அவள் கொடுத்ததில்லை.

இந்தப் பழக்கத்தைத் தொடங்கி வைத்தது தேன்மொழியின் மாமியார் கனகம்மா. அவர் குரலை உயர்த்திப் பேசத் தெரியாதவர். கணவர் சோமசேகரம் குளுவாங்கில் ரயில்வே கிளார்க்காக இருந்தவர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மூன்று தலைமுறையாக அரசாங்க உத்தியோகம் பார்த்த குடும்பம். மகன் தேவானந்தன், ஆறாங்கட்டைத் தோட்டத்தில் ரப்பர்ப் பால் வெட்டிய பால்மரக்காரி செல்லத்தின் மகளைக் காதலித்து, தோட்டத்துக் கிளினிக்கில் சீட்டு எழுதிக்கொண்டிருந்தவளை மணந்துதான் தீருவேன் என்று நின்றபோது, கனகம்மா ஒரு வாரம் பேசாமல் இருந்தார். பிறகு சரி என்றார். கல்யாணத்துக்கு நல்ல பட்டெடுத்தார். சாதி என்ற சொல்லை ஒருநாளும் வாயில் எடுத்ததில்லை.

செல்லம் முதல்முறை வந்தபோது பின்பக்கத்தில் கோழிக்கறி கொதித்துக்கொண்டிருந்தது. அந்த வீட்டில் மீனும் கறியும் வெளியடுப்பில்தான். கனகம்மா சமையலறைக் கதவில் நின்று, "அங்க இருங்கோ, காத்து வரும். மச்சம் சாப்பிடுற ஆக்களுக்கு அங்கதான் வசதி" என்றார். சிரித்த முகத்தோடுதான் சொன்னார். தேத்தண்ணீர் கொடுக்க நீல விளிம்பு வைத்த வெள்ளை எனாமல் குவளை ஒன்றை எடுத்துக் கொடுத்தார். குடித்து முடித்ததும் செல்லமே அதைக் கழுவினாள். வைக்க இடம் தேடியபோது கனகம்மா சுவரிலிருந்த ஆணியைக் காட்டினார்.

மச்சம், அந்த மீனும் கறியும்தான் காரணம் என்று தேன்மொழி வெகுநாள் தன்னை நம்ப வைத்துக்கொண்டாள். ஆனால் செல்லம் வெள்ளிக்கிழமை விரதத்தோடு வந்த நாளிலும் சோறு வெளியேதான் வந்தது. நாத்தனார் சுபத்திராவின் கணவர் கடலோரத்துக் கூக்குப்பில் நண்டு சாப்பிட்டுவிட்டு நேராக வந்து உள்மேசையில் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்தார்.

கனகம்மா இறந்து ஆறு வருடமாகிவிட்டது. வெளியடுப்பு மீன்குழம்பு உள்ளே வந்துவிட்டது. தேவானந்தன் அதை உள்மேசையில் வைத்தே ருசித்துச் சாப்பிட்டார். செல்லம் மட்டும் முக்காலியிலேயே இருந்தாள். யாரும் அவளை அங்கே வைக்கவில்லை. யாரும் அவளை எழுப்பவுமில்லை.

*

சமையலறையை மாற்றிக் கட்டும் எண்ணம் தேவானந்தன் ஓய்வு பெற்ற பிறகு வந்தது. முப்பத்தைந்து வருடம் வடிகால் நீர்ப்பாசன அலுவலகத்தில் கால்வாய் வரைபடம் போட்டவருக்கு வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை. சிங்க் கீழே கசிந்தது, கேபினெட்டைக் கரையான் தின்றிருந்தது. பெட்டாலிங் ஜெயாவிலிருந்து சுபத்திரா ஒரு சனிக்கிழமை வந்தபோது கைத்தொலைபேசியில் நாற்பது படங்களோடு வந்தாள்.

"அண்ணா, இப்ப எல்லாற்ற வீடும் ஒரே மாதிரி. வெள்ளைக் கேபினெட், கறுப்புக் கல்லு. பார்த்தா ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு. எங்கட வீட்டுக் கிச்சனைப் பார்த்தா நாங்க யாரெண்டு தெரிய வேணும். ஹெரிட்டேஜ் கிச்சன். சிவப்புத் தரை, பூப்போட்ட டைல்ஸ், மரக் கேபினெட். அம்மான்ட புட்டுக்குழல், இடியப்ப உரல், பித்தளைச் செம்பு எல்லாத்தையும் ஒரு ஷெல்ஃபில லைட் போட்டு வைப்பம். அப்பா ரயில்வே யூனிஃபார்மில இருக்கிற ஃபோட்டோ நடுவில."

"தேன், நீ என்ன சொல்றே?" என்று கேட்டார் தேவானந்தன். எதையும் அவளைக் கேட்காமல் செய்யமாட்டார்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. எனக்கு ஒண்ணு மட்டும் வேணும். பின்சுவரை உடைச்சுடுங்க. தகரத்தை எடுத்துட்டு நல்ல கூரை போட்டு ஒரே அறையா ஆக்குங்க. அங்க பெரிய மேசை போடணும்."

"அடுப்பு வெளிய வேணாமா? மீன் வாசம் வீடெல்லாம் வருமே அண்ணி" என்றாள் சுபத்திரா.

"புகை இழுக்கிற ஹூட் போட்டுக்கலாம்."

தேவானந்தன் காகிதத்தில் ஒரு கோட்டை அழித்து இன்னொரு கோடு போட்டார். "போச்சு லா, சுவர் போச்சு" என்று சிரித்தார். தேன்மொழிக்கு அந்த நிமிடம் அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

வேலையை எடுத்தவன் செனாயிலிருந்து வந்த குணாளன். பேச்சுக்காரன். சுவரில் முதல் அடி போட்டதுமே, "அக்கா, இதக் கட்டினவரு ஆனை வந்து இடிக்கும்னு பயந்தாரா? உள்ள ரெண்டு செங்கல்லு கனத்துக்கு வச்சிருக்காங்க" என்றான்.

"ரயில்வேயில இருந்த எங்க அப்பா கட்டினது தம்பி" என்றார் தேவானந்தன்.

"அதான் பார்த்தேன். ரயில்வே ஆளு. தண்டவாளத்துக்குக் கட்டுற மாதிரி கட்டிட்டாரு."

சுவர் விழ மூன்று நாள் ஆயிற்று. வீடு முழுக்கச் சாம்பல் தூள். சோற்றில், தலையணையில், சாமி படத்தின் கண்ணாடியில். தேன்மொழி கார் நிறுத்தும் இடத்தில் ஒற்றை கேஸ் அடுப்பை வைத்துச் சமைத்தாள். மழை பக்கவாட்டில் அடித்தால் தேவானந்தன் குடையை விரித்து அடுப்புக்குப் பிடித்துக்கொண்டு நின்றார். "கவர்மெண்டுல கூட எனக்கு இவ்வளவு பொறுப்பு குடுக்கல" என்றார். அவருடைய முதுகு நனைந்தது. அவள் முந்தானையால் துடைத்தாள். இருவரும் ஒரே தட்டில் சோறும் சர்டின் குழம்பும் பிசைந்து காரின் பின்பக்கத்தில் சாய்ந்து சாப்பிட்டார்கள். கல்யாணமான புதிதில்கூட அப்படிச் சாப்பிட்டதில்லை. அப்போது கனகம்மா இருந்தார்.

அவர் நல்லவர் என்பதில் அவளுக்கு ஒருநாளும் சந்தேகம் இருந்ததில்லை. அதனாலேயே அந்த ஒரு குறை அவளுக்குள் பெரிதாகிக்கொண்டு வந்தது. கெட்டவராக இருந்தால் சண்டை போட்டு முடித்திருக்கலாம்.

ஒருநாள் சாடையாகக் கேட்டுப் பார்த்தாள். "புது மேசையில மொத நாளு யாரையெல்லாம் உக்கார வைக்கலாம்?"

தேவானந்தன் யோசிக்கவே இல்லை. "சுபத்திராவத்தான். பாவம், அவதானே எல்லாத்துக்கும் ஓடினா. அப்புறம் தர்மினி." கொஞ்சம் பொறுத்து, "குணாளனையும் கூப்பிடலாம்" என்றார்.

அவள் வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே இருந்தாள். சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கிறாள். கேட்கக் கூடாது.

செல்லம் தினமும் சாயந்திரம் போன் பண்ணினாள். "முடிஞ்சிச்சா?"

"டைல்ஸ் இன்னும் வரலம்மா. கப்பல்ல வருது."

"அப்ப மெதுவா வரட்டும். டைல்ஸ்சுக்கு என்ன, மைல் கட்டை நீள பால்மர நெரையா, வெடியறதுக்குள்ள வெட்டி முடிக்க?"

"நீ ஏம்மா இந்த மாசம் வரல?"

"எங்க வந்து உக்கார? பின்னாடி பூரா கல்லும் மண்ணுமா இருக்குன்னு சொன்னியே. முடியட்டும், வர்றேன். காலுக்குப் பலகை போட்டாச்சா?"

"போட்டாச்சு."

உண்மையிலேயே போட்டிருந்தாள். மேசை செய்த தச்சரிடம் சொல்லி, ஒரு நாற்காலிக்கு மட்டும் கீழே குறுக்குப் பலகை அடிக்கச் சொல்லியிருந்தாள். தேவானந்தன் அதைப் பார்த்துவிட்டு, "இது எதுக்கு ஒண்ணுக்கு மட்டும்?" என்றார்.

"குள்ளமானவங்க வந்தா உக்காரட்டும்னு."

"நம்ம வீட்டுக்கு யாரு குள்ளமா வர்றா?" என்று கேட்டுவிட்டு அவர் பதிலுக்குக் காத்திராமல் குழாய் பார்க்கப் போய்விட்டார்.

*

லோகேஸ்வரன் காலை ஏழரைக்குக் கூப்பிட்டான். "அக்கா" என்றான். பின்னால் அவன் மனைவி அழும் சத்தம் கேட்டது.

செல்லம் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாளாம். மடியில் முறம், ஒரு பக்கம் தலை, ஒரு பக்கம் உடம்பு. "யப்பா, கொஞ்சம் தண்ணி குடுடா" என்று கேட்டிருக்கிறாள். அவன் கொண்டுவருவதற்குள் சுவரில் சாய்ந்துவிட்டாள். முறம் சாயவில்லையாம். அதைத்தான் அவன் திரும்பத் திரும்பச் சொன்னான். ஒரு நெத்திலிகூடக் கீழே விழவில்லை அக்கா.

சிம்பாங் ரெங்கத்துக்கு தேவானந்தன்தான் காரோட்டினார். நெடுஞ்சாலையில் மழை. சாலையின் இரு பக்கமும் எண்ணெய்ச் செம்பனை. செடெனாக்கைத் தாண்டும்போது மரம் அழித்த செம்மண்ணில் பெரிய பெரிய தரவு மையங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. அந்த மண்ணில் ஒரு பகுதியில்தான் ஆறாங்கட்டைத் தோட்டம் இருந்தது. செல்லம் அங்கே இருபத்திரண்டு வருடம் பால்மரம் வெட்டினாள், ரப்பரை அழித்துச் செம்பனை வைத்த பிறகு பன்னிரண்டு வருடம் உதிரிப் பழம் பொறுக்கினாள். தேன்மொழி சன்னலுக்கு வெளியே பார்க்கவில்லை. அவர் ஒரு கையை எடுத்து அவள் கைமேல் வைத்தார். சிம்பாங் ரெங்கம் வரும்வரை எடுக்கவில்லை.

சாவு வீட்டில் அவர் எல்லாம் செய்தார். கூடாரத்துக்கு ஆள் பிடித்தார், காடு வரை தோள் கொடுத்தார், நெய்ப்பந்தம் பிடிக்கும் பேரப்பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினார். லோகேஸ்வரன் விழுந்து அழுதபோது தூக்கி நிறுத்தி தோளில் சாய்த்துக்கொண்டார். சொந்தக்காரப் பெண்கள் தேன்மொழியிடம், "தங்கமான மாப்பிள்ளை. எங்க கிடைக்குதும்மா இப்படி" என்றார்கள். தேன்மொழி ஆமாம் என்று தலையாட்டினாள். உண்மைதானே.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தபோது லோகேஸ்வரன் சொன்னான், "முப்பதாம் நாளு படையலுக்கு இங்க வந்துடுக்கா. அம்மாவுக்குப் பிடிச்சதெல்லாம் வச்சிடலாம். கோழிப் பெரட்டல், கருவாட்டுக் குழம்பு, நெத்திலிச் சம்பல். வெத்தல பாக்கு. நான் நாட்டுக்கோழிக்குச் சொல்லிட்டேன்."

"பார்க்கலாம்டா" என்றாள்.

"என்னக்கா பார்க்கலாம்? வேற எங்க வைக்கிறது?"



*

அவர்கள் சிம்பாங் ரெங்கத்தில் இருந்த நாட்களில் குணாளன் வேலையை முடித்துவிட்டான். துக்க வீட்டைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று சாவியைக்கூட அவனே வைத்துக்கொண்டு முடித்தான். சிவப்புத் தரை பளபளத்தது. சுவரில் நீலமும் மஞ்சளுமாகப் பூப்போட்ட டைல்ஸ். பின்சந்துப் பக்கம் பெரிய சன்னல். நடுவில் எட்டு நாற்காலிகளோடு மேசை. தேன்மொழி ஒவ்வொரு நாற்காலியையும் தொட்டுக்கொண்டே போனாள். பலகை அடித்த நாற்காலி சன்னல் பக்கத்தில் இருந்தது. அதில் அவள் உட்காரவில்லை.

தீட்டு கழிந்துவிட்டது, மேலும் தள்ளிப்போட்டால் வீட்டுக்கு நல்லதில்லை என்று சொல்லி சுபத்திரா ஞாயிற்றுக்கிழமை காலை பால் காய்ச்ச நாள் குறித்துக் கொடுத்தாள். சனிக்கிழமையே வந்து இறங்கினாள். செல்லம் இறந்ததற்கு வரமுடியவில்லை என்று தேன்மொழியின் தோளைப் பிடித்து அழுதாள். அழுகை பொய்யில்லை. "எப்ப வந்தாலும் எனக்கெண்டு மரவள்ளிக் கிழங்கு கொண்டு வருவா, பாவம்" என்றாள்.

ஞாயிறு காலை பால் பொங்கியது. கிழக்குப் பக்கமாகப் பொங்கியதில் எல்லாருக்கும் திருப்தி. தர்மினி படம் எடுத்தாள். சுபத்திரா கைகூப்பிக் கண்ணை மூடி நின்றாள். பிறகு, "அண்ணி, ஒரு மண்டலத்துக்கு இந்தப் புது அடுப்பில மச்சம் வேணாம், என்ன? அம்மான்ட நினைவுக்குச் செய்த கிச்சன். நாற்பத்தெட்டு நாள்தானே. அதுக்குப் பிறகு உங்கட இஷ்டம்" என்றாள்.

தேன்மொழி பாலை டம்ளர்களில் ஊற்றிக்கொண்டிருந்தாள். மனதுக்குள் எண்ணினாள். முப்பதாம் நாள் அடுத்த வியாழன்.

"அதெல்லாம் பார்த்துக்கலாம் சுபா" என்றார் தேவானந்தன். அவர் முகத்தில் ஒரு சந்தோஷத்தை மறைத்து வைத்திருக்கும் களை. "தேன், கண்ண மூடு."

"எதுக்கு?"

"மூடேன். உனக்குத்தான். இந்த ஷெல்ஃபுல எங்கம்மா சாமான் மட்டும்தான் இருந்தது. எனக்கு அது சரியாப் படல. உன் பக்கமும் இருக்கணும் இல்ல? ரெண்டு பேரோட குடும்பமும் சேர்ந்ததுதானே இந்த வீடு. குணாளன் குப்பையில போட இருந்தான், நான்தான் ஓடிப்போய் எடுத்தேன். விம் போட்டு நானே தேய்ச்சேன். தர்மினி, சுவிட்சைப் போடு."

தேன்மொழி கண்ணைத் திறந்தாள். ஷெல்ஃபில் மஞ்சள் விளக்கு எரிந்தது. புட்டுக்குழல், இடியப்ப உரல், பித்தளைச் செம்பு. ரயில்வே சட்டையில் சோமசேகரம். அவர் படத்துக்குப் பக்கத்தில், சின்ன மரப் பீடத்தின்மேல், நீல விளிம்பு வைத்த எனாமல் குவளை.

"அய்யோ, வின்டேஜ்!" என்றாள் சுபத்திரா. "சிங்கப்பூர் கஃபேயில இதுக்கு என்ன விலை தெரியுமே?"

"அத்தையோடது. எப்ப வந்தாலும் இதுலதான் குடிப்பாங்க" என்றார் தேவானந்தன். "இதைவிட அவங்க ஞாபகமா நம்ம வீட்டுல வேற ஒண்ணும் இல்ல."

தேன்மொழி நின்ற இடத்திலேயே நின்றாள். பால் டம்ளர் கையில் சுட்டது. அதை மேசையில் வைத்தாள்.

"இது எங்க இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"பின்னாடிதான். சுவர் ஆணியில."

"கனகம்மா அத்தையோட டம்ளரெல்லாம் எங்க இருந்துச்சு?"

"உள்ள, கேபினெட்டுல."

"உங்களோடது?"

"தேன்..."

"சொல்லுங்க. உங்க டம்ளரு, என்னோடது, சுபாவோடது, சுபா வீட்டுக்காரரோடது. போஸ்ட்மேனுக்குத் தண்ணி குடுத்தா எந்த டம்ளர்ல குடுப்போம்?"

"உள்ள இருக்கிறதுலதான்."

"அப்ப எங்கம்மாவோடது மட்டும் ஏன் ஆணியில?"

தர்மினி அப்பாவைப் பார்த்தாள். அவளுக்கு இருபத்தாறு வயது. ஆணியில் தொங்கிய குவளையைப் பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறாள், செல்லம் ஆயாவின் குவளை என்று மட்டும் தெரியும்.

"அம்மா பழைய ஆள், அண்ணி" என்றாள் சுபத்திரா மெதுவாக. "அவ வேணுமெண்டு செய்யேல்ல. அந்தக் காலத்து ஆக்கள் அப்பிடித்தானே. உங்கட அம்மாவுக்கும் அங்க இருக்கிறதுதான் பிடிக்கும் எண்டு..."

"யாரு சொன்னா?"

"அவவே சொல்லுவாவே, காத்து நல்லா வருதெண்டு."

"ஆமா, சொல்லுவாங்க. வேற என்ன சொல்ல முடியும்? மகளுக்கு வாழ்க்க குடுத்த வீடு." தேன்மொழியின் குரல் உயரவில்லை. "அத்தைய நான் குத்தம் சொல்லல சுபா. அவங்க போயி ஆறு வருசம் ஆச்சு. இந்த ஆறு வருசம் யாரு சொல்லி எங்கம்மா வெளிய உக்காந்தாங்க?"

தேவானந்தன் நாற்காலி முதுகைப் பிடித்தார். அவர் முகத்தில் அந்த ஆறு வருடமும் ஒவ்வொன்றாக வந்து போவது தெரிந்தது. மாதத்துக்கு ஒரு முறை. கம்பியில் இரண்டு தட்டு. பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு எழுந்து போய்ப் பின்கதவைத் திறந்தவர் அவர்தான். வாங்க அத்தே. பஸ் கூட்டமா? மழை இல்லையே? பிறகு பத்திரிகைக்குத் திரும்பி வந்தவரும் அவர்தான்.

"எனக்குத் தோணவே இல்ல தேன்" என்றார். "சத்தியமா, தோணவே இல்ல."

"தெரியும். அதான் எனக்குத் தாங்கல."

அவர் ஷெல்ஃபை நோக்கிக் கையை நீட்டினார். "எடுத்துடுறேன். இப்பவே எடுத்துடுறேன்."

"அத எடுத்தா என்ன ஆகும்? வைங்க."

"உங்கம்மா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. இல்ல நீயாவது சொல்லியிருக்கலாமே."

"கேக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க. கேட்டு வாங்குற மரியாத வேணாம்னாங்க. நீங்களா சொல்லுவீங்கன்னு நானும் இருந்தேன். சுவரை உடைச்சா சொல்லுவீங்கன்னு இருந்தேன். மேசை வந்தா சொல்லுவீங்கன்னு இருந்தேன். மொத நாளு யாரு உக்காரணும்னு கேட்டேன், ஞாபகம் இருக்கா? குணாளன் வரைக்கும் சொன்னீங்க."

தேவானந்தன் உட்கார்ந்துவிட்டார். பலகை அடித்த நாற்காலி அது. கால் பலகையில் பட்டதும் குனிந்து பார்த்தார். நீளமான கால்கள், மடங்கி இடித்தன. தச்சர் யாருக்காக அந்தப் பலகையை அடித்தார் என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அறுபத்தொரு வயது மனிதர் தன் மகளுக்கும் தங்கைக்கும் முன்னால் அப்படி அழுவதை அந்த வீடு பார்த்ததில்லை.

சுபத்திரா பால் டம்ளரை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினாள். தர்மினி விளக்கை அணைத்தாள்.

தேன்மொழி அவர் அருகில் போனாள். தலைமேல் கை வைத்தாள். நரைத்த முடி விரல்களில் நெருடியது. அவர்மேல் அவளுக்கு இருந்த அன்பு ஒரு துளிகூடக் குறையவில்லை. குறைந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். சத்தியத்தை வாங்கியவள் போய்விட்டாள், இனி அதை யாருக்காகக் காப்பது என்று நினைத்தாள்.

"எழுந்திரிங்க" என்றாள். "நான் ஒண்ணு கேக்கணும்."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"வியாழக்கிழமை அம்மாவுக்கு முப்பது. படையல் இங்க வைக்கணும். லோகாவ குடும்பத்தோட இங்க வரச் சொல்றேன். கோழி, கருவாடு, நெத்திலி எல்லாம் இந்த அடுப்புலதான் சமைப்பேன். மண்டலம் கெட்டா கெடட்டும். இந்த மேசையிலதான் எலை போடுவேன்." அவள் மூச்சு வாங்கினாள். "முன்கதவைத் தொறந்து வச்சு, நீங்க வாசல்ல நிக்கணும். லோகா இல்ல, நான் இல்ல, நீங்க. தெருவுல யாரு நின்னு பார்த்தாலும் சரி. வாய் விட்டுக் கூப்பிடுங்க. அத்தே, உள்ள வந்து உக்காருங்கன்னு எங்கம்மாவ ஒரு தடவ கூப்பிடுங்க."